லேபிள் உள்ள தீத்தடுப்புக் கதவா, லேபிள் இல்லாத கனத்த இரும்புக் கதவா?

"இரும்புக் கதவே போதாதா, லேபிளுக்கு எதற்குக் கூடுதல் பணம்?" கட்டடம் எழுப்புகிற பலரும் கேட்கும் கேள்விதான். லேபிள் என்பது, தீயை எவ்வளவு நேரம் தாங்கும் என்று சோதித்துக் கதவில் பொருத்தும் சான்று.

விலை
லேபிள் கதவு: கூடுதல்.
இரும்புக் கதவு: மலிவு. கட்டட ஆய்வில் கதவை ஏற்காவிட்டால் இரட்டைச் செலவு.

தாங்கும் நேரம்
லேபிள் கதவு: 20, 45, 60, 90 நிமிடம் என்று எழுதியிருக்கும். அதே வகைக் கதவை உலையில் எரித்துப் பார்த்துக் கொடுத்த கணக்கு அது.
இரும்புக் கதவு: யாரும் சோதித்ததில்லை. கனத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சூட்டில் தகடு வளைந்தால் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே இடைவெளி விழும். தீ வருமுன் புகை அதன் வழியே வந்துவிடும். லேபிள் கதவு என்றால் சட்டம், கீல், தாழ், தானாக மூடும் கருவி எல்லாமே அதற்குப் பொருந்துபவையாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பராமரிப்பு
இரும்புக் கதவு: இஷ்டம்போல் துளையிடலாம்.
லேபிள் கதவு: கண்டபடி துளையிட்டால் சான்று போச்சு. கீல் பக்க விளிம்பில் இருக்கும் லேபிள்மேல் பெயின்டர் தூரிகையை ஓட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் (பெரும்பாலும் ஓட்டிவிடுவார்). லேபிள் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது தீத்தடுப்புக் கதவுகளுக்கான அமெரிக்கத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 80-இன் விதி.

மாடிப்படி, தப்பிக்கும் நடைவழி, தீத்தடுப்புச் சுவர் என்றால் லேபிள் கதவுதான், பேரமே வேண்டாம். தனியாக நிற்கும் கொட்டகைக்குத் திருட்டுப் பயம் மட்டும்தான் என்றால் இரும்புக் கதவு போதும்.