ஆறு மாதக் கட்டணம் போச்சு: டேகேரில் சேர்க்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இன்று காலையில்தான் "பணம் திருப்பித் தர வழியில்லை" என்று கடைசிப் பதில் வந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் எப்போதும்போல் தொலையட்டும் என்று விட்டுவிடுவேன்.

என் பையனுக்கு 11 மாதம். ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டி ஒரு டேகேரில் சேர்த்தேன். அவன் அங்கே போனது 19 நாள். பெயர் சொல்லப்போவதில்லை. பல கிளைகள், சுவர் முழுக்க மேகமும் யானையும், போனில் ஒரு ஆப், அந்த வகை. கடைசியில் சேர்க்கும் முன் பார்க்கவேண்டிய பத்து விஷயங்களையும் எழுதுகிறேன்.

நான் கண்ணை மூடிக்கொண்டு விடவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டுதான் போனேன். எங்கே தூங்க வைப்பீர்கள், எப்படித் தூங்க வைப்பீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே இன்சார்ஜ் மேடம் சொன்னார்: "ஒரு வயசு வரைக்கும் மல்லாக்கத்தான் படுக்க வைப்போம்மா. தலையணை கிடையாது, போர்வை கிடையாது, கட்டிலுக்குள்ள ஒரு பொம்மை கூட இருக்காது." எங்கள் குழந்தை மருத்துவர் சொன்னதும் இதேதான். மெத்தென்ற எதிலாவது முகம் புதைந்தால் மூச்சுத் திணறும், கைக்குழந்தைக்கு விலக்கிக்கொள்ளத் தெரியாது. அமெரிக்காவில் 1994-ல் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பிரசாரம் தொடங்கிய பிறகு, காரணம் தெரியாத தொட்டில் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். அந்த மேடம் வாயிலிருந்து அதே பேச்சு வந்ததும் எனக்குப் பாதி மனசு கரைந்துவிட்டது.

மீதி கரைந்தது அடுத்த நிமிடம். அவர் எழுந்து போய், சோப்புப் போட்டு விரலிடுக்கு வரைக்கும் நிதானமாகக் கழுவி, துடைத்துவிட்டு வந்து, என் பையன் முன்னால் தரையில் உட்கார்ந்தார். கையை நீட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். வேற்று முகம் பார்த்தாலே அலறுகிறவன், தவழ்ந்து போய் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். இன்றைக்கும் அந்தக் காட்சியைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அது நடிப்பா என்று கூட எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு அட்டையைக் காட்டினார். தினமும் மாலையில் குழந்தையோடு இதுவும் கைக்கு வரும். எத்தனை மணிக்குத் தூங்கினான், எப்போது எழுந்தான், எவ்வளவு சாப்பிட்டான், டயபர் எப்போது மாற்றினார்கள், மனநிலை எப்படி (மூன்று முகங்கள் வரைந்திருக்கும், ஒன்றில் டிக் போடுவார்கள்). "நீங்க ஆபீஸ்ல இருந்தாலும் பக்கத்துல இருக்கற மாதிரி" என்றார். கைக்குழந்தைப் பிரிவில் ஒரு இடம்தான் பாக்கி, ஆறு மாதம் மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் தள்ளுபடி. அன்றே, அந்த நாற்காலியிலேயே, ஆறு மாதக் கட்டணம் போனில் போய்விட்டது. விண்ணப்பத்தில் ஏழெட்டு இடத்தில் கையெழுத்து. படித்தேனா? இல்லை. பையன் என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

முதல் இரண்டு வாரம் நான் பெருமையில் மிதந்தேன். "இவ்வளவு அடக்கமான குழந்தையை நாங்க பார்த்ததே இல்ல" என்பார்கள். வீட்டில் அவன் ஒரு இடத்தில் இரண்டு நிமிடம் இருக்கமாட்டான். அலமாரிக் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடியே ஒரு மணி நேரம் ஓட்டுவான். அந்தப் பையன் அங்கே போய் அடக்கமாகிவிட்டான் என்று கேட்டதும் 'எப்படி?' என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. நல்ல பழக்கம் வந்துவிட்டது என்று மாமியாரிடம் வேறு பீற்றிக்கொண்டேன்.

குளிப்பாட்டும்போது இரண்டு தொடையிலும் குறுக்காகச் சிவப்புக் கோடு. டயபர் எலாஸ்டிக் என்றார்கள். டயபர் எலாஸ்டிக் அவ்வளவு கீழே எங்கே வருகிறது? அதையும் விட்டுவிட்டேன். அடுத்து அடியில் புண். அட்டையில் தினமும் மூன்று முறை டயபர் மாற்றியதாக இருக்கிறது, அப்படியிருந்தும் புண். பதினேழாவது நாள் காலையில் டயபரின் ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து அனுப்பினேன். மாலையில் அவனைத் தூக்கும்போதே கனமாகத் தொங்கியது. வீட்டுக்கு வந்து பிரித்தால் அதே டயபர், அதே புள்ளி, மை மட்டும் ஈரத்தில் கொஞ்சம் பரவியிருந்தது. அட்டையில்: 10.15, 12.45, 3.30. மூன்று டிக். சிரித்த முகம்.

பத்தொன்பதாவது நாள் சொல்லாமல் கொள்ளாமல் 12.10-க்குப் போய் நின்றேன். வாசலிலேயே "மேடம், போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே" என்று ஒரு பெண் மறித்தார். ஆபீசிலிருந்து வருகிறேன், பையனுக்கு ஊசி போட வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஆப்பில் நான் தினமும் பார்ப்பது விளையாட்டு அறையை. அதில் பெரிய குழந்தைகள் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள், எல்லாம் அழகு. கைக்குழந்தைகள் இருந்தது அதற்குப் பின்னால் இருக்கிற அறையில். திரைச்சீலை போட்டு, டிவியில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எண்ணினேன்: ஒன்பது குழந்தைகள், ஒரு ஆயா. அவர் ஒரு குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார், பாவம், அவரைச் சொல்லி என்ன. என் பையன் பவுன்சரில் (குழந்தையைச் சாய்வாக உட்கார வைத்துப் பெல்ட் போடும் குட்டி இருக்கை) இருந்தான். பெல்ட் இரண்டு தொடைக்கும் மேல் இறுக்கமாக. கால் வெளியே தொங்குகிறது, அந்த அளவு எப்போதோ அவனுக்குச் சிறிதாகிவிட்டது. கழுத்து மடங்கி, தாடை நெஞ்சில் படிய, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். கழுத்துப் பக்கம் ஒரு துண்டை மடித்துச் செருகியிருந்தார்கள். தலை வியர்வையில் நனைந்திருந்தது. மல்லாக்கவும் இல்லை, கட்டிலும் இல்லை.

அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினால், பக்கத்து மேசையில் அன்றைய அட்டைகள் அடுக்கியிருந்தன. என் பையன் பெயர் மேலேயே தெரிந்தது. அப்போது மணி 12.20 இருக்கும். அட்டையில் எழுதியிருந்தது: 1.00 முதல் 2.45 வரை நல்ல தூக்கம். 3.00, முழுவதும் சாப்பிட்டான். 3.30, டயபர் மாற்றப்பட்டது. சிரித்த முகத்தில் டிக்.

மூன்று மணிக்கு நடக்கப்போவதை மதியத்துக்கே எழுதிவைத்துவிட்டார்கள். நான் பத்திரமாக ஃபைலில் சேர்த்துவைத்த பதினெட்டு அட்டையும் இப்படித்தான். இப்போது எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே பேனா, நேரம் கூடப் பெரும்பாலும் ஒன்றுதான். தினமும் ராத்திரி நான் இதைப் படித்துவிட்டுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அன்று ராத்திரி மருத்துவரிடம் போனில் பேசினேன். அரை உட்காரலில் தூங்கும் குழந்தைக்குத் தலை முன்னால் விழுந்தால் மூச்சுக்குழல் மடங்கிக் குறுகும், கார் சீட்டில் தூங்கிப்போனாலும் இறங்கியதும் எடுத்துத் தட்டையான படுக்கையில் போடச் சொல்வது அதற்குத்தான் என்றார். உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது: ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பெல்ட் போட்டு ஒரே இடத்தில் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம். ஆள் கணக்கும் அப்போதுதான் தேடிப் பார்த்தேன். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைக்கு ஒரு ஆள் என்பது விதி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் ஒரு வயதுக்குள் பரிந்துரைப்பதும் அதே மூன்றுக்கு ஒன்று. நான் பார்த்தது ஒன்பதுக்கு ஒன்று. பையன் "அடக்கமாக" இருந்த ரகசியம் இதுதான்.

இனி பணக்கதை. அன்றே இன்சார்ஜ் மேடத்திடம் கேட்டேன். "இன்னைக்கு ஒரு ஆயா லீவு, இதுதான் முதல் தடவை" என்றார். அட்டை? "அது ட்ரெயினிங்குக்கு எழுதினது." டயபர் புள்ளி? பதில் இல்லை, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். பையனை நிறுத்திவிட்டேன், ஆறு மாதக் கட்டணத்தில் மீதியைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அக்கவுண்ட்ஸில் பேசுங்கள் என்றார்கள். அக்கவுண்ட்ஸ் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னது. தலைமை அலுவலகம் 'கிளை அளவில் தீர்த்துக்கொள்ளவும்' என்று பதில் போட்டது. கிளையில் மேடம் மீட்டிங்கில் இருக்கிறார். மறுநாளும் மீட்டிங். வாட்ஸாப்பில் இரண்டு நீல டிக், பதில் இல்லை. மற்ற பெற்றோரிடம் சொல்லலாம் என்று பெற்றோர் குரூப்பைத் திறந்தால் என்னை நீக்கிவிட்டார்கள்.

தூங்கும் அறையிலும் கேமரா உண்டு, நமக்குத்தான் காட்டமாட்டார்கள். அந்தப் பதிவைக் கேட்டேன். பார்த்துச் சொல்கிறோம், நாளைக்கு, திங்கள்கிழமை என்று இழுத்தார்கள். எட்டாவது நாள் மிக மரியாதையாக ஒரு செய்தி: பதிவுகள் ஏழு நாளில் தானாக அழிந்துவிடும், மன்னிக்கவும். எண்ணி வைத்திருந்திருக்கிறார்கள்!

இன்று காலை வந்த கடைசிப் பதில் இரண்டு வரி. பதினோராவது விதியின்படி முன்பணமாகக் கட்டிய எந்தத் தொகையும் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது, தாங்கள் கையெழுத்திட்டுள்ளீர்கள். ஆறு மாதக் கட்டணம். 19 நாள். அதே எண்ணிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து விளம்பரம்: நண்பரைச் சேர்த்துவிட்டால் எனக்கு ஒரு மாதம் இலவசமாம்.

நுகர்வோர் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். புள்ளி வைத்த டயபரைப் படம் எடுத்து வைக்காமல் குப்பையில் போட்டது என் முட்டாள்தனம். அட்டையை மட்டும் அன்று கையோடு எடுத்து வந்துவிட்டேன், நல்லவேளை.

பத்து விஷயம் எழுதுவதாகச் சொன்னேன். அவன் எழுந்து அலமாரிக் கதவை ஆட்ட ஆரம்பித்துவிட்டான், எனவே சுருக்கமாக. மாதாமாதம் மட்டும் கட்டுங்கள், தள்ளுபடிக்கு ஆசைப்படாதீர்கள், பணம் திருப்பித் தரும் விதியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கைக்குழந்தை அறையை, அதுவும் தூக்க நேரத்தில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். மறித்தால் அங்கே சேர்க்காதீர்கள். ஆயாக்களை எண்ணுங்கள். குழந்தை உடம்பில் கோடு, புண், எது தெரிந்தாலும் அன்றே படம் எடுங்கள், கேமரா பதிவை அன்றே எழுத்தில் கேளுங்கள். டயபரில் புள்ளி வையுங்கள். மற்றது அப்புறம் எழுதுகிறேன், விரலை நசுக்கிக்கொள்ளப்போகிறான்.