கண்ணடிக்கும் சிவப்பு விளக்கு

போன வாரம் என் பாட்டுப் பெட்டிக்குப் பேட்டரி மாற்றினேன். பாட்டும் கேட்கலாம், ரெக்கார்டும் பண்ணலாம் என்று ஆறு வருஷத்துக்கு முன்பு 7,200 ரூபாய் கொடுத்து வாங்கியது. பேட்டரி உப்பிப்போய் முதுகு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. புதுச்சேரியில் ரிப்பேர் செய்தவர் திறந்து பார்த்துவிட்டு, "வீடு கடலோரமா சார்?" என்றார். கடலூர், தேவனாம்பட்டினம் பக்கம் என்றேன். இயர்போன் செருகும் துளைக்குள் பச்சை பூத்திருந்ததைக் காட்டினார். சுத்தம் செய்ததோடு சேர்த்து 750 ரூபாய். கூட வந்திருந்த லாஸ்பேட்டை நண்பன், மகள் பாட்டு கிளாசுக்குப் போகிறாள், இதையே அவளுக்கும் வாங்கிவிடட்டுமா என்று கேட்டான். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

கேட்பதற்கு என்று பார்த்தால் இதைக் குறை சொன்ன நாக்கு அழுகிவிடும். தினமும் கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் போய் வருகிறவன் நான். டிரைவர் தலைக்கு மேலே ஒரு ஸ்பீக்கர், வெளியே ஏர்ஹாரன், ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் காது சலித்துவிடும். அந்த இரைச்சலிலும் இதில் வீணையின் மீட்டு தனியாகக் கேட்கும்.

ஆனால் நான் எதிர்பார்க்காமல் கிடைத்தது வேறு. இதில் பாட்டின் வேகத்தைக் குறைத்தால் சுருதி இறங்காது. பழைய டேப்பில் வேகம் குறைந்தால் குரலும் கூடவே தரைதட்டும், இதில் அப்படி இல்லை. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலில் எடுத்த நாகஸ்வரத்தை ஒரு நாள் பாதி வேகத்தில் ஓடவிட்டேன். ஒரே இழுப்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்த ஒரு பிருகாவுக்குள், அதாவது வேகமாக உருட்டி விடும் ஸ்வரக் கோவைக்குள், ஏழெட்டு ஸ்வரம் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறது! ஒரு சங்கதியின், அதாவது ஒரு வரியை மாற்றிப் பாடும் விதத்தின், தலையையும் வாலையும் குறித்துவிட்டால் அதையே சலிக்காமல் திரும்பத் திரும்பப் போடும். பாட்டு படிக்கிற பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

செல்போன் போதாதா என்று கேட்பார்கள். என் போனில் எடுத்துப் பார்த்தேன், பாட்டுக்குப் பின்னால் ஒரே சீராக ரீங்கரிக்கும் சுருதிப் பெட்டியின் நாதத்தை ஃபேன் சத்தம் என்று நினைத்து அது அமுக்கிவிட்டது. பாட்டு மட்டும் தரையில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. நடுவில் போன் வந்தால் இருந்ததும் போச்சு.

சரி, இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

இதில் ரெக்கார்ட் பட்டனை ஒரு முறை அழுத்தினால் ரெக்கார்ட் ஆகாது. சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும், திரையில் சத்த அளவுப் பட்டை மேலும் கீழும் குதிக்கும், இயர்போனில் எதிரே நடப்பதெல்லாம் கணீரென்று கேட்கும், ஆனால் உள்ளே ஒன்றும் பதிவாகாது. இன்னொரு முறை அழுத்த வேண்டும். அப்போதுதான் விளக்கு நிலையாக எரியும், நேர எண் ஓடத் தொடங்கும். முதல் அழுத்து, சத்த அளவைச் சரிபார்த்துக்கொள்வதற்காம். நியாயமான ஏற்பாடுதான், இல்லை என்று சொல்லவில்லை. வேறு பல ரெக்கார்டர்களிலும் இப்படித்தான் இருக்கிறது. கூட வந்த கையேட்டிலும் எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. அதற்காக, தயாராக இருப்பதற்கும் வேலை செய்வதற்கும் ஒரே விளக்கையா வைப்பான் ஒருவன்? பச்சை என்று ஒரு நிறம் உலகத்தில் இல்லையா?

வாங்கிய புதிதில் பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் திருவிழா. ராத்திரி பத்து மணிக்குக் கூத்து தொடங்கியது, விடிய விடிய. கர்ணன் வேஷம் கட்டிய வாத்தியாருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கர்ணன் சாகும் கட்டத்தில் முகவீணை என்கிற சின்னக் குழல் விம்மி ஓய்ந்ததும், மத்தளத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிவிட்டு, வெறும் குரலில் ஒரு விருத்தம் எடுத்தார். பக்கத்தில் இருந்த கிழவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் இயர்போன் வழியாகக் கேட்டபடி, ஆகா, எல்லாம் உள்ளே போகிறது என்று பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். காலையில் பஸ் ஏறிப் பார்த்தால் ஃபைலே இல்லை. ராத்திரி முழுக்க எண் 00:00:00-இலேயே நின்றிருக்கிறது. அந்த வாத்தியார் அதற்கு அடுத்த வருஷம் கூத்துக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு விளக்குக்குக் கீழே ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி "எண் ஓடுதா?" என்று பேனாவால் எழுதி வைத்தேன். ரிப்பேர்காரர் அதையும் அழுக்கு என்று நினைத்து உரித்துப் போட்டுவிட்டார்.

மற்ற குறைகள் எல்லாம் சமாளிக்கக்கூடியவை. சத்த அளவைத் தானாகப் பார்த்துக்கொள் என்று விட்டால், தவில் ஒரு அடி விழுந்ததும் பயந்து எல்லாவற்றையும் தாழ்த்தி, அப்புறம் மெல்ல மெல்ல ஏற்றும், பாட்டு மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். கையாலேயே அளவு வைத்துவிடுங்கள், உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே. மாசி மகத்தன்று கடற்கரையில் எடுக்கப் போனால் காற்று மைக்கில் மோதிப் பட்பட் என்று அடிக்கும், கொடுத்திருக்கும் பஞ்சு உறை போதாது, நான் மார்கழிக்கு வாங்கிய குரங்குக் குல்லாவை மாட்டுகிறேன். பார்க்க அசிங்கம், பலன் உண்டு. இடத்துக்கும் பஞ்சமில்லை, சிடி தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி, 32 ஜிபி கார்டில் ஏறக்குறைய 50 மணி நேரம் பிடிக்கும். பேட்டரியைக் கழற்றினால் தேதி 2015-க்குப் போய்விடுகிறது, போகட்டும்.

ஆக நண்பனுக்கு என் பதில், வாங்காதே. ஒரே அழுத்தில் ரெக்கார்ட் ஆகிற ஒன்றாகப் பார், அதில் வேகம் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று மட்டும் கடையிலேயே போட்டுக் கேட்டுவிடு. உன் மகளின் வாத்தியார் ஒரு கீர்த்தனையை இரண்டாம் முறை வேண்டுமானால் பாடிக் காட்டுவார், ஆனால் அந்தக் குரலும் அந்தப் பொழுதும் திரும்ப வருமா? அவனோ, அப்படியானால் உன்னுடையதை எனக்குக் கொடுத்துவிடு, நான் பழகிக்கொள்கிறேன் என்கிறான். அந்தப் பேச்சே வேண்டாம். பங்குனியில் இன்னொரு கூத்து இருக்கிறது, பிளாஸ்திரி வேறு வாங்க வேண்டும்.