கோடியக்கரையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும்

காவிரிப் படுகையின் தெற்கு விளிம்பில், பாக் விரிகுடாவை ஒட்டி அமைந்த இவ்விரு இடங்களும் 2002 முதல் ஒரே ராம்சர் ஈரநிலத்தின் (உலக அளவில் முக்கியமானதாக அறிவிக்கப்பட்ட ஈரநிலம்) பகுதிகளாக இருந்தாலும், நிலத்தின் இயல்பில் அவை வெவ்வேறானவை.

வரலாற்றை நாடுவோருக்குக் கோடியக்கரையே ஏற்றது. சுந்தரர் பாடிய குழகர் கோயிலும், 2004 ஆழிப்பேரலையில் இடிந்த பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சமும் அங்கே உள்ளன. 1930இல் இராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து வந்து உப்பு அள்ளிய வேதாரண்யமும் அருகிலேயே இருக்கிறது. 1967இல் சரணாலயமான கோடியக்கரையின் புல்வெளியில் வெளிமான்கள் மேய்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன.

முத்துப்பேட்டையிலோ நிலம் உருவாகும் விதத்தையே கண்ணால் காணலாம். கோரையாறு, பாமணியாறு முதலிய கிளையாறுகள் வண்டலைச் சுமந்து வந்து காயலில் சேர்க்க, அந்தச் சேற்றில் வெண்கண்டல் மரங்கள் பென்சில் நட்டதுபோல் மூச்சுவேர்களை மேல்நோக்கி நீட்டி நிற்கின்றன. ஓர் இலையைப் பறித்து நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர் வழியே ஏறிய உப்பை இலை வெளியேற்றுகிறது. மேட்டூரிலிருந்து வரும் நன்னீர் குறையும் ஆண்டுகளில் இந்தச் சேற்றில் உப்பு மிகுவது, படுகையில் வாழும் நம் ஒவ்வொருவருக்கும் கவலை தர வேண்டிய செய்தி.

ஒரு நாள்தான் கிடைக்குமெனில் முத்துப்பேட்டையையே பரிந்துரைப்பேன். மார்கழி, தை மாதங்களில் மட்டும், பறவைகளுக்காகக் கோடியக்கரை.