பதினான்கு போத்தலுக்குப் பிறகு ஒரு டப்பா பெட்ரோலியம் ஜெல்லி

ஆறு மாதமாக இரவில் முகத்துக்கு வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி மட்டும்தான் பாவிக்கிறேன். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் நம்மட ஊரில் அதை வாஸ்லின் என்றுதான் சொல்வோம். இவ்வளவு மலிவான சாமானுக்கு ஏன் இவ்வளவு பெரிய நன்றி என்று விளங்க வேண்டுமென்றால், அதற்கு முன் என் முகத்தில் என்னவெல்லாம் ஏறியது என்று சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு வருடமாக என் அலுமாரியில் முகத்துக்குப் பூசும் சாமான் பதினான்கு போத்தல் இருந்தது. களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு வேலைக்கு வர ஏழு மணி பஸ், ஆனால் நான் நாலரைக்கே எழும்பிவிடுவேன், ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி ஒவ்வொன்றும் காயும்வரை காத்திருக்க வேண்டுமே. காலையில் விட்டமின் சி, நியாசினமைட், இரவில் ஒரு நாள் தோலின் மேல்படையை உரிக்கும் கிளைகோலிக் அசிட், மறுநாள் தோலைப் புதுப்பிக்கப் பூசும் ரெட்டினோல், கிழமைக்கு இரண்டு தரம் இன்னும் கடுமையாக உரிக்கும் பீலிங். மாதம் 18,000 ரூபாய் இதற்கே போனது. பூசிவிட்டு நிம்மதியாக இருந்தேனா என்றால் அதுவும் இல்லை, ஃபோன் டோர்ச்சைக் கன்னத்தோரம் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு துவாரமாகப் பார்ப்பேன், படம் எடுத்து நேற்றைய படத்தோடு ஒப்பிடுவேன். அப்பா இறந்த பிறகு வந்த இரண்டு ஆடி அமாவாசைக்கும் மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் குளத்தில் நடக்கும் மாமாங்கத் தீர்த்தத்துக்கு நான் போகவில்லை. வெயிலும் தண்ணீரும் பட்டு முகம் கெட்டுப்போகும் என்று பயந்தேன். இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது.

போன சித்திரை வருடப் பிறப்புக்கு முகம் சிவந்து, பச்சைத் தண்ணீர் பட்டாலே எரிந்தது. பெரியம்மா பார்த்துவிட்டு, "இதென்ன கா, முகம் வெந்துபோய்க் கிடக்கு" என்று கேட்டா. நான் அதற்கும் ஒரு சீரம் தேடிக்கொண்டிருந்தேன். அம்மாதான் அரச வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக் கூட்டிப்போனா. போத்தல் எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். டொக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், ஏசவில்லை. தோலின் மேல்படை ஏறக்குறைய நான்கு கிழமையில் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், அதற்கு அவகாசம் கொடுக்காமல் உரித்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள் என்றார். எனக்கு அது கிடுகுக் கூரையைத் தினமும் பிரித்துவிட்டு மழை ஒழுகுகிறதே என்று அழுவது போலப் பட்டது. எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். காலையில் தண்ணீர் மட்டும், இரவில் மென்மையான ஃபேஸ் வோஷ், பிறகு ஈர முகத்தில் ஜெல்லி, எரிச்சல் அடங்கியதும் பகலில் சன்ஸ்கிறீன். கண்ணாடி முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்றும் கேட்டார். அது விடவில்லை என்றால் மனநலப் பிரிவில் கதைக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். நான் இரண்டு தரம் போய்க் கதைத்தேன், நல்லதாக இருந்தது.

சரி, ஜெல்லிக்கு வருகிறேன். பெட்ரோலியத்திலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கும் இந்தச் சாமானுக்கு ராபர்ட் செஸ்ப்ரோ என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1872இல். இது தோலுக்குப் புதிதாகத் தண்ணீர் கொடுக்காது, இருக்கிற ஈரம் ஆவியாகாமல் மூடிவைக்கும், அவ்வளவுதான். அதனால் காய்ந்த முகத்தில் பூசினால் பெரிதாகப் பலன் இல்லை. முகம் கழுவி, துவாயால் ஒற்றிவிட்டு, ஒரு பயறளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மெல்லிசாக ஒற்ற வேண்டும். எனக்கு மூன்றாம் நாளே தண்ணீர் எரிவது குறைந்தது, சிவப்பு அடங்க ஆறு கிழமை சென்றது.

குறையும் இருக்கிறது. பகலில் பூசிக்கொண்டு பஸ் ஏறினால் புழுக்கத்தில் பிசுபிசுக்கும், ரோட்டுத் தூசியெல்லாம் ஒட்டும். தலையணை உறையில் எண்ணெய்க் கறை விழும். எண்ணெய் வழியும் முகம், பரு உள்ள முகம் என்றால் முதலில் சின்ன இடத்தில் பூசிப் பாருங்கள். கருமையை இது போக்காது, வெயிலையும் தடுக்காது. காய்ந்த கச்சான் காற்று வீசிய மாதங்களில் முகம் முழுக்கப் பூசினேன், இப்போது மழை தொடங்கியபின் உதட்டுக்கும் மூக்கோரத்துக்கும் மட்டும் போதும்.

முதல் பத்து நாள்தான் கஷ்டம். நாலரைக்கு முழிப்பு வந்துவிடும், கை சும்மா இருக்காது. அம்மாவோடு குசினியில் இருந்து பிளேன்ரீ குடிக்கப் பழகினேன். மச்சாள் போத்தல்களைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டாள், பதினேழு வயது, கன்னத்தில் ஒரு பருகூட இல்லை. கொடுக்கவில்லை. அவள் கோபித்துக்கொண்டு இரண்டு கிழமை கதைக்கவில்லை, அது எனக்குக் கவலைதான், ஆனாலும் எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன்.

இந்த ஆடி அமாவாசைக்குத் தம்பியோடு மாமாங்கம் போனேன். இரண்டு விரல் நீளம் சன்ஸ்கிறீன் பூசிக்கொண்டுதான் போனேன், சன்ஸ்கிறீனை நிறுத்தும்படி டொக்டர் சொல்லவில்லை. தம்பி அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தான். நான் குளத்தில் இறங்கி மூன்று தரம் மூழ்கினேன். சன்ஸ்கிறீன் கரைந்திருக்கும். வெயில் உச்சியில் நிற்கும்வரை ஈரச் சட்டையோடு அம்மாவின் பக்கத்தில் நின்றேன்.

வாங்குகிறவர்கள் பார்மசியில் வாசனை, நிறம் சேர்க்காதது என்று கேட்டுச் சின்ன டப்பாவாக வாங்குங்கள், கை கழுவிவிட்டுத் தொடுங்கள். முகம் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் முதலில் கிளினிக்குப் போங்கள். என்னுடைய முதல் டப்பாவில் இன்னும் கால்வாசி கிடக்கிறது.