லினக்ஸ் மின்ட்: முதல் தடவை வருகிறவர்களுக்கு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததும், சித்தப்பாவின் 4 ஜிபி ராம் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். அடித்தளம் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ்தான். ஆனால் மெனு கீழே இடது மூலையில் இருப்பதால் விண்டோஸ் பழகிய கை தடுமாறவில்லை. பழைய மெஷின் என்றால் மின்ட்டின் கனமான சினமன் பதிப்பு வேண்டாம், இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் சவுண்டும் வருகிறதா என்று பார்த்துவிடலாம். அதற்கு ஹார்டு டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை அமைப்புகளிலேயே இருக்கிறது, எம்எஸ் ஆபீஸ் மாதிரியான லிப்ரே ஆபீஸில் மனுவெல்லாம் அடிக்கிறார் மனிதர். கணக்கு எழுதும் டாலி மென்பொருள் இதில் நேரடியாக ஓடாது, கடை வைத்திருப்பவர்கள் யோசிக்கவும். 'ஆர்ச் போடுங்க' என்று, கைதேர்ந்தவர்களுக்கான லினக்ஸைச் சொல்லி வரும் தம்பிகளை இப்போதைக்குக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். சிஸ்டத்தின் நிலையை நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட்டை மட்டும் முதல் நாளே இயக்கி வையுங்கள். அப்டேட் சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் வழி. 2029 வரை மின்ட் 22-க்குப் பாதுகாப்பு அப்டேட் வரும்.