லிட்டில் விட்டுவைத்தார், கேஷ் எடுத்துவிட்டார்

கிரிக்கெட்டில் ஒரு வீச்சாளரை நிறுத்திவிட்டு, பத்து ஓவர் கழித்து மறுபடியும் பந்தைக் கையில் கொடுக்கலாம். பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சரை எடுத்தால் எடுத்ததுதான். அன்றைக்கு அவர் திரும்ப வர முடியாது. அதனால்தான் அவரை எப்போது வெளியே அழைப்பது என்பதில், களத்தில் அணியை நடத்தும் மேனேஜர்களின் தலை உருளுகிறது. கண்ணை நம்புவதா, கணக்கை நம்புவதா என்ற நெடுநாள் சண்டையில் எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. எனக்கு இரண்டு இரவுகள் போதும். இரண்டிலும் கேள்வி ஒன்றே. எடுத்த முடிவுகள் நேரெதிர். இரண்டு அணிகளும் தோற்றன.

முதல் இரவு 2003 அக்டோபர் 16, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். அமெரிக்கன் லீக் பட்டத்துக்கான ஏழாவது, கடைசி ஆட்டம். 1918க்குப் பிறகு, இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரை வெல்லாத பாஸ்டன் ரெட் சாக்ஸ் யாங்கீஸுக்கு எதிராக 5-2 என முன்னிலையில் இருந்தது. பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸ், தன் தலைமுறையின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஏழாவது முடிந்து நூறு பந்துகள் ஆனதும் அவர் விரலை வானத்தை நோக்கி உயர்த்தினார். டக்அவுட்டில் சக வீரர்கள் கட்டித் தழுவினார்கள். ‘இன்றைய வேலை முடிந்தது’ என்பதற்கு அங்கே அதுதான் அடையாளம். ஆனால் எட்டாவது இன்னிங்ஸுக்கும் அவரே வந்து நின்றார்.

ஒருவர் அவுட். பிறகு டெரக் ஜீட்டர் டபுள் (ஒரே அடியில் இரண்டு பேஸ்), பெர்னி வில்லியம்ஸ் சிங்கிள் (ஒரு பேஸ்), 5-3. பாஸ்டன் மேனேஜர் கிரேடி லிட்டில், பிட்சர் நிற்கும் மேட்டுக்கு நடந்து வந்து பெட்ரோவிடம் பேசினார். முடியும் என்றார் பெட்ரோ. லிட்டில் அப்படியே திரும்பிப் போனார். மட்சுயி டபுள், பொசாடா டபுள், 5-5. ஆட்டம் நீண்டு, பதினோராவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரன் பூன் அடித்த ஹோம் ரன்னில் (நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி) பாஸ்டனின் ஆண்டு முடிந்தது. லிட்டிலின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

லிட்டிலிடம் கணக்கு இல்லாமல் இல்லை. 105 பந்துகளைத் தாண்டினால் பெட்ரோவை எதிரணிகள் வெளுத்து வாங்கின என்பது அந்த நிர்வாகத்துக்குத் தெரிந்த விஷயம். பேஸ்பால் புள்ளியியலின் மூத்தவரான பில் ஜேம்ஸையே அவர்கள் ஆலோசகராக வைத்திருந்தார்கள். ஆனாலும் ‘கண்ணை நம்பினார், கெட்டார்’ என்று லிட்டிலைப் பற்றிச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கண்ணை நம்பியிருந்தால், ஓங்கி அடிபடும் பந்துகளைப் பார்த்திருப்பார். அவர் நம்பியது பெட்ரோ என்ற பெயரை. அந்த மேட்டில் நின்றுகொண்டு ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்லக்கூடிய ஆள் பெட்ரோ மார்ட்டினெஸ் ஆகியிருக்கவே முடியாது. அவரிடம் போய்க் கேட்பானேன்?

இரண்டாவது இரவு 2020 அக்டோபர் 27, டெக்சாஸின் ஆர்லிங்டன். உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். எதிரே லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். தம்பா பே ரேஸ் குறைந்த சம்பளப் பட்டியலை வைத்துக்கொண்டு, கணக்கின் பலத்தில் பெரிய அணிகளை முந்திய அணி. அன்று 1-0 முன்னிலை. பிட்சர் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளில் 9 ஸ்டிரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமலே பேட்டர் வெளியேறுவது) எடுத்திருந்தார். டாட்ஜர்ஸின் முதல் மூன்று பேட்டர்களும் அவரிடம் ஆளுக்கு இரண்டு முறை, ஆக ஆறு முறையும் ஸ்டிரைக் அவுட். ஆறாவது இன்னிங்ஸில் ஒரு சிங்கிள் விழுந்தது, அவ்வளவுதான். மேனேஜர் கெவின் கேஷ் வெளியே வந்தார். ஸ்னெல்லின் முகம் போன போக்கைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கேஷின் காரணம் பழையது, நிரூபணமானது. ஒரே பிட்சரை மூன்றாவது முறை எதிர்கொள்ளும் பேட்டர் முதல் இரண்டு முறையைவிட நன்றாக அடிப்பார். பந்தின் பழக்கம் பிடிபட்டுவிடும். ஸ்னெல் ஒன்பது பேட்டர்களையும் இரண்டு முறை, ஆக 18 பேரைப் பார்த்து முடித்திருந்தார். அடுத்து மூன்றாம் சுற்று, அதுவும் மூக்கி பெட்ஸ். ஆகவே நிக் ஆண்டர்சன் வந்தார். பெட்ஸ் டபுள் அடித்தார், இரண்டு ரன்கள் போயின, ஆட்டம் 3-1 எனக் கைநழுவியது. ஸ்னெல் போனதும் மூச்சு விட்டதாகப் பெட்ஸே பிறகு ஒப்புக்கொண்டார்.

இங்கேதான் எனக்குக் கேஷ்மேல் கோபம். ஸ்னெல்லின் கணக்கைப் பார்த்தவர் ஆண்டர்சனின் கணக்கைப் பார்த்தாரா? அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களிலும் ஆண்டர்சன் ரன் கொடுத்திருந்தார். ‘ஆறு ஆட்டம் சின்ன மாதிரி, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது’ என்பார் புள்ளியியலாளர். அது சரியே. ஆனால் அந்த ஆறு ஆட்டமும் துரதிர்ஷ்டமா, கை ஓய்ந்துபோனதா என்று பிரித்துச் சொல்லக் கண்தான் வேண்டும். எத்தனையோ ஊர் மைதானங்களில் உட்கார்ந்து பந்தைப் பார்த்து ஆள் தேர்ந்தெடுத்த கிழட்டு ஸ்கவுட் ஒருவரின் கண். அடுத்த வசந்தத்தில் ஆண்டர்சனின் முழங்கைத் தசைநாரில் கிழிசல் இருப்பது தெரியவந்தது. அது அன்றிரவே இருந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. எனக்குச் சந்தேகம் உண்டு.

ஓர் இரவைவிட்டு ஒரு பருவம் முழுவதையும் எடுத்தால் நான் தயங்காமல் கணக்கின் பக்கம். 2012இல் டெட்ராய்ட்டின் மிகெல் கப்ரேரா .330 சராசரி, 44 ஹோம் ரன், 139 ரன்கள் கொண்டுவந்தது என மூன்றிலும் லீகின் முதலிடம். 1967க்குப் பிறகு யாரும் செய்யாதது. ஏஞ்சல்ஸின் இளைஞர் மைக் டிரவுட் .326 அடித்து, அடி விழாமலே ஓடி 49 பேஸ்களைத் திருடி, நடுக்களத்தில் பறந்து பறந்து பிடித்தார். எளிதில் கிடைக்கும் மாற்று ஆளுக்குப் பதில் இவர் ஆடியதால் அணிக்கு எத்தனை வெற்றி கூடியது என்று போடும் கணக்கில் டிரவுட் பத்தைத் தாண்டினார்; கப்ரேரா ஏழு பக்கம் நின்றார். லீகின் மிகச் சிறந்த வீரர் விருதுக்கான 28 முதலிட வாக்குகளில் 22 கப்ரேராவுக்குப் போயின. எனக்கு வாக்கு இருந்தால் டிரவுட்டுக்குத்தான். 139 ரன்களைக் கொண்டுவர வேண்டுமென்றால் முன்னால் ஆடியவர்கள் பேஸில் நிற்க வேண்டும். அது அடிப்பவரின் கையில் இல்லையே.

கேஷுக்கு வேலை போகவில்லை. தோற்ற இரண்டே வாரத்தில் அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர் விருது வந்தது. வாக்கெடுப்பு இறுதிச் சுற்றுகளுக்கு முன்பே முடிந்திருந்தது.

லிட்டிலின் கதையை முடித்துவைத்த ஆரன் பூன் 2018 முதல் யாங்கீஸின் மேனேஜர். டாட்ஜர்ஸுக்கு எதிரான 2024 உலகத் தொடரின் முதல் ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை. கையருகே டிம் ஹில் என்ற பிட்சர் இருக்க, ஐந்து வாரங்களுக்கு மேல் ஓர் ஆட்டத்திலும் வீசாத நெஸ்டர் கோர்ட்டெஸை அவர் அழைத்தார். கோர்ட்டெஸின் முதல் பந்தில் ஷோஹெய் ஓட்டானி அவுட். பெட்ஸை அடிக்க விடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்க விட்டார்கள்; மூன்று பேஸ்களிலும் ஆள். அடுத்த பந்தை ஃப்ரெடி ஃப்ரீமன் கூட்டத்துக்குள் அனுப்பினார், நான்கு ரன்கள்.