வன்முறையைச் சமாளிக்க மீள்பயிற்சி: ஆன்லைனா, நேரடியா?

ஆத்திரத்தில் கத்துபவரையும் கை ஓங்குபவரையும் சமாளிக்க ஊழியர்களுக்கு ஒருமுறை பயிற்சி கொடுத்தாயிற்று. சரி, அதை மீண்டும் நினைவூட்டுவது எப்படி?

ஆன்லைன் பாடத்துக்குச் செலவு குறைவு. இரவுப் பணியில் இருப்பவரும் பார்க்கலாம். விதிமுறைகள், சம்பவப் பதிவு, யாருக்கு உடனே தகவல் சொல்வது போன்றவற்றுக்கு அது போதும். வீடியோவை ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பவர்களும் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம்.

நேரடிப் பயிற்சியில் ஒருவர் கோபக்காரராக நடிப்பார். அவர் மேசையைத் தட்டிக் கத்தும்போது நம் குரலும் தானாக உயரும், கால் ஒரு அடி முன்னே போகும். பயிற்றுநர் அங்கேயே நிறுத்தித் திருத்துவார்: கை நீட்டினால் எட்டாத தூரம், சற்றுப் பக்கவாட்டான நிலை, கண்ணுக்குத் தெரியும்படி திறந்த கைகள், இருவருக்குமே மறிக்கப்படாத வாசல். பிடியிலிருந்து விடுபடும் உத்திகளை வீடியோ பார்த்துக் கற்க முடியாது. உடம்புக்குப் பழக வேண்டும்.

பணிநேரத்தில் ஆட்களை விடுவிப்பது தலைவலிதான். இருந்தாலும் பொதுமக்களை முகத்துக்கு முகம் சந்திப்பவர்களுக்கு நேரடிப் பயிற்சியே என் தேர்வு; மற்றவர்களுக்கு ஆன்லைன் போதும். அப்புறம், முன்பு தாக்கப்பட்ட ஊழியரை நடிப்பில் இறங்கக் கட்டாயப்படுத்தக் கூடாது.